பஸ் முதல் வருசத்துக்கு மட்டுமானது இல்லை



ஊரிலிருந்து படிக்க வருகிற பிள்ளைக்கு ஸ்காபரோவில் எங்கட ஆட்கள் போக்குவரத்துப் பற்றிச் சொல்லுகிற புத்திமதி இரண்டு. ஒன்று, "வந்த உடனே ஒரு பிறெஸ்ரோ கார்ட் எடு." மற்றது, "ஒரு வருசம் பஸ்சில சமாளி, பிறகு கார் எடுத்திடலாம்." முதலாவதில் பிழை இல்லை. இரண்டாவதைப் பற்றித்தான் எழுத வந்தேன்.

அந்த வசனத்துக்குள் ஒரு முழு அரசியல் இருக்கு. பஸ் என்பது புதிதாக வந்தவர் கடந்துபோக வேண்டிய கஷ்டகாலம். கார் வாங்கினால் அந்தக் காலம் முடியும். முடிந்த பிறகு பஸ் ஓடினால் என்ன, ஓடாவிட்டால் என்ன, அது எங்கட பிரச்சினை இல்லை. 1983க்குப் பிறகு வந்தவர்கள் பஸ்சில் ஏறினார்கள், கார் வாங்கி இறங்கினார்கள். அவர்களுக்குப் பிறகு வந்தவர்கள் அதே தரிப்பில், அதே குளிரில் நின்றார்கள். பிறகு அவர்களும் இறங்கினார்கள். இறங்கினவர் ஒருவரும் திரும்பிப் பார்க்காவிட்டால் அந்தத் தரிப்பு எப்படித் திருந்தும்?

நான் இங்கே பிறந்தவள். ஸ்காபரோவில் வளர்ந்து, இப்ப முதுகலை படிக்கிறேன். போன வருசம் மாமாவின் மகள், என்ர மச்சாள், வவுனியாவிலிருந்து ஒரு கொலிஜில் படிக்க வந்தாள். இரண்டு பேரும் ஒரே பஸ்சில்தான் போறம், ஒரே கட்டணம்தான் கட்டுறம். ஆனால் அந்தப் பயணத்துக்கு நான் கொடுக்கிற விலை வேறு, அவள் கொடுக்கிற விலை வேறு. அது எப்படி என்று கணக்குப் போட்டுப் பார்த்தால், "சமாளி" என்ற சொல்லை அவ்வளவு லேசாகச் சொல்ல முடியாது.

வந்த பிள்ளைக்கு முதலில் சொல்ல வேண்டியது

அரசியலுக்கு முதல் உதவுகிற விபரம். ரிரிசியில் பெரியவர் ஒருவரின் கட்டணம் பிறெஸ்ரோவில் தட்டினால் 3 டொலர் 30 சதம், காசாகப் போட்டால் 3.35. தட்டின நேரத்திலிருந்து இரண்டு மணித்தியாலத்துக்கு எந்தப் பஸ்சிலும், ஸ்ரீற்காரிலும், சப்வேயிலும் ஏறி இறங்கலாம். போன வழியால் திரும்பியும் வரலாம். 2023இலிருந்து வங்கி அட்டையையும் போனையும்கூடத் தட்டலாம். ஆனால் ஒரு பயணத்தில் எதை முதலில் தட்டினீர்களோ அதையே கடைசிவரை தட்ட வேணும். பஸ்சில் அட்டையையும் சப்வேயில் போனையும் தட்டினால், போனுக்குள் இருப்பது அதே அட்டை என்றாலும், இரண்டு கட்டணம் வெட்டுப்படும். 2024 பெப்ரவரியிலிருந்து டூரம், யோர்க், மிசிசாகா, பிறம்ரன் பஸ்களிலோ கோ ரெயினிலோ மாறி வந்தாலும் ரிரிசிக்கு இன்னொரு தரம் கட்டத் தேவையில்லை.

சப்வே இரவு ஒன்றரை மணியளவில் நிற்கும். அதற்குப் பிறகு முந்நூறில் தொடங்குகிற இலக்கங்களோடு இரவு பஸ்கள் ஓடும். ஞாயிற்றுக்கிழமையில் சப்வே காலை எட்டு மணியளவில்தான் தொடங்கும். ஞாயிறு காலை ஏழு மணிக்கு ஷிப்ற் தருகிறோம் என்று யாராவது சொன்னால், ஓம் என்று சொல்ல முதல் இதை யோசிக்க வேணும்.

மாணவர் பாஸ் பற்றியும் ஒரு சொல். கொலிஜ், பல்கலைக்கழக மாணவருக்கு ரிரிசியில் தனிப் பயணத்துக்குக் கழிவு இல்லை. மாத பாஸில் மட்டும்தான் கழிவு: பெரியவருக்கு 156 டொலர், மாணவருக்கு 128.15. அதை 3.30ஆல் பிரித்துப் பாருங்கோ. மாதத்தில் 39ஆவது பயணத்தில்தான் பாஸ் லாபமாகும். வாரம் மூன்று நாள் வகுப்பு உள்ள ஒருவர் மாதத்தில் போய் வருவது 26 தரம்தான். அவருக்கு அந்தப் பாஸ் நட்டம். வகுப்போடு வேலைக்கும் ஓடுகிறவருக்குத்தான் அது கட்டும். பெயர் மாணவர் கழிவு. ஆனால் படிப்புக்கு மட்டும் பஸ் ஏறுகிற மாணவருக்கு அதனால் ஒரு சதமும் மிச்சமில்லை.

இதெல்லாம் தெரிந்திருந்தால் கொஞ்சக் காசு மிஞ்சும். நேரம் மிஞ்சாது.

ஒரு மணித்தியாலத்தின் உண்மையான சம்பளம்

படிப்பு அனுமதியில் வந்தவர் வகுப்பு நடக்கிற காலத்தில் கம்பஸுக்கு வெளியே வாரம் 24 மணித்தியாலம்தான் வேலை செய்யலாம். ஒன்ராறியோவில் ஆகக் குறைந்த சம்பளம் 2025 ஒக்ரோபரிலிருந்து மணித்தியாலத்துக்கு 17.60. மச்சாளுக்கு ஒரு பேக்கரியில் வேலை. நாலு நாலு மணித்தியாலமாக வாரம் ஆறு ஷிப்ற். அவள் இருக்கிறது மார்க்கம் றோட்டும் லோறன்சும் சந்திக்கிற இடத்துக்குக் கிட்ட ஒரு பேஸ்மென்றில். பேக்கரி நகரத்தின் மற்றப் பக்கம், எற்றோபிக்கோவில். போக ஒன்றரை மணித்தியாலம், வர ஒன்றரை.

வரிக்கு முதல் வாரச் சம்பளம் 422 டொலர் 40 சதம். ஆறு நாள் போய் வர 39.60. மிச்சம் 382.80. வேலை 24 மணித்தியாலம், பயணம் 18. மொத்தம் 42 மணித்தியாலம். பிரித்துப் பார்த்தால் மணித்தியாலத்துக்கு 9 டொலர் 11 சதம். சட்டம் சொல்லுகிற சம்பளத்தில் கிட்டத்தட்டப் பாதி றோட்டிலேயே போயிடுது. இதை எந்தச் சம்பளத் துண்டிலும் காண மாட்டீர்கள்.

"ஏன் கிட்டடியில ஒரு வேலை எடுக்கேலாதோ?" என்று அம்மா கேட்டா. மச்சாள் சொன்ன பதில்: "மாமி, நான் வேலையைத் தேடேல்லை. வேலைதான் என்னைத் தேடினது. முதல் கிடைச்சது இதுதான்." கனடா அனுபவம் இல்லாதவர், வாரம் 24 மணித்தியாலத்துக்கு மேல் செய்ய முடியாதவர், வகுப்பு நேரத்துக்கு ஏற்றபடி மட்டும் வரக்கூடியவர் வேலையைத் தெரிவு செய்வதில்லை. கிடைத்த இடத்துக்குப் போகிறார். அந்த பேக்கரியில் பத்து நிமிசம் பிந்தினால் அன்றைய ஷிப்ற்றை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள். அதனால் எப்பவும் ஒரு பஸ் முந்தியே வெளிக்கிடுவாள். நேரத்துக்குப் போய்ச் சேர்ந்த நாட்களில் அரை மணித்தியாலம் பேக்கரிக்கு வெளியில் நிற்பாள். அந்த அரை மணித்தியாலம் என்ர கணக்கில் இல்லை.

என் பக்கத்தைப் பாருங்கோ. நான் குடியுரிமை உள்ளவள், எனக்கு 24 மணித்தியால எல்லை இல்லை. உள்ளூர் மாணவருக்கான கட்டணம்தான் கட்டுகிறேன். அம்மா வீட்டில் இருக்கிறபடியால் வாடகை இல்லை. பனி கொட்டுகிற நாளில் ஒரு போன் அடித்தால் அம்மா வந்து ஏற்றிக்கொண்டு போவா. நான் பஸ்சில் போவது, இல்லாவிட்டால் வேறு வழி இருக்கிற ஒருத்தி போவது. அவளுக்கு வேறு வழி இல்லை. தட்டுகிற 3.30 மட்டும்தான் எங்களுக்குள் சமம்.

இந்தப் பிள்ளைகளின் காசு இல்லாமல் இங்கே கொலிஜுகள் நடக்காது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேணும். 2019இல் ஒன்ராறியோ அரசு உள்ளூர் மாணவரின் கட்டணத்தைப் பத்து வீதம் வெட்டி, அப்படியே உறைய வைத்தது. இழந்த காசை அரசு ஈடு செய்யவில்லை. கொலிஜுகள் வெளிநாட்டு மாணவரிடம் போயின. 2020–21இல் பொதுக் கொலிஜுகளுக்கு வந்த கல்விக் கட்டணத்தில் 68 வீதம் வெளிநாட்டு மாணவருடையது என்று மாகாணக் கணக்காய்வாளர் நாயகமே அறிக்கை வைத்தார். மாணவர் தொகையில் அவர்கள் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. படிப்பு அனுமதிக்கு விண்ணப்பிக்கிற தனி ஆள், கல்விக் கட்டணம் போக, வாழ்க்கைச் செலவுக்கு 22,895 டொலர் கையில் இருப்பதாக 2025 செப்ரெம்பரிலிருந்து காட்ட வேணும். ஒருவர் இங்கே வாழ எவ்வளவு காசு தேவை என்று அரசு ஒரு டொலர் பிசகாமல் கணக்குப் போட்டிருக்கு. அவர் எவ்வளவு நேரம் பஸ்சுக்குள் இருப்பார் என்று ஒருவரும் கணக்குப் போடவில்லை.

ஏன் இவ்வளவு நேரம் எடுக்குது?

தூரம் ஒரு காரணம்தான். அதைவிடப் பெரிய காரணங்கள் மனிதர் எடுத்த முடிவுகள்.

ஸ்காபரோவில் கெனடி ஸ்ரேசனிலிருந்து மக்கோவன் வரை 1985இலிருந்து ஒரு ரெயின் ஓடியது. மூன்றாம் வழித்தடம். அதன் ஆயுள் முடிகிறது என்று வருசக்கணக்காகத் தெரியும். அதற்குப் பதிலாக ஏழு தரிப்புகளோடு ஒரு இலகு ரெயின் போட மாகாணம் காசு ஒதுக்கியிருந்தது. 2013இல் நகரசபை அதைக் கைவிட்டு, "ஸ்காபரோவுக்கும் சப்வே வேணும்" என்ற கோசத்தோடு மூன்று தரிப்பு சப்வேக்குப் போனது. பிறகு மூன்று தரிப்பு ஒன்றானது, ஒன்று திரும்ப மூன்றானது. பேசிக்கொண்டே பத்து வருசம் போனது. 2023 ஜூலை 24 இரவு பழைய ரெயினின் கடைசிப் பெட்டி தடம்புரண்டது. ஐந்து பேர் காயப்பட்டார்கள். அந்த வழித்தடம் திரும்பத் திறக்கப்படவேயில்லை. அன்றிலிருந்து ரெயினில் போன சனம் எல்லாம் பஸ்சில். புது சப்வே இந்தப் பத்தாண்டு முடிகிற நேரத்துக்குத்தான் என்று சொல்லுகினம். 2023இல் முதலாம் வருசம் சேர்ந்த பிள்ளை, அதில் ஏற முதலே படிப்பை முடித்துவிடும்.

அதற்கும் முதல், 2007இல், நகரம் முழுக்க இலகு ரெயின் போடும் திட்டம் ஒன்று வந்தது. அதில் எக்ளின்ரன், கிங்ஸ்ரன் றோட், மோனிங்சைட் வழியாக மோல்வேன் பக்கம் போகும் பாதையும், ஷெப்பேர்ட் கிழக்கில் ஒரு பாதையும் இருந்தன. எங்கட ஆட்கள் அடர்த்தியாக இருக்கிற இடங்கள். 2010 டிசம்பரில் றொப் ஃபோர்ட் மேயராகப் பதவியேற்ற முதல் நாளே அந்தத் திட்டம் முடிந்தது என்று அறிவித்தார். அவர் சொன்ன காரணம், கார்களுக்கு எதிரான போர் முடிய வேணும் என்பது. ஸ்காபரோவில் அதற்குக் கைதட்டு விழுந்தது. எங்கட வீடுகளிலும் விழுந்தது.

காசுக் கதையும் இருக்கு. ரிரிசியை ஓட்டுகிற செலவில் கட்டணத்தால் வராத பகுதியில் பாதியை மாகாண அரசு ஏற்று வந்தது. மைக் ஹரிஸ் அரசு 1998இல் அதை முற்றாக நிறுத்தியது. பிறகு அப்பப்ப ஏதாவது கிடைத்தாலும் அந்தப் பழைய ஒழுங்கு திரும்ப வரவில்லை. சுரங்கம் தோண்ட நூறு நூறு கோடியாகக் காசு வரும். நாடா வெட்டலாம், படம் எடுக்கலாம். செவ்வாய்க்கிழமை இரவு பத்து மணிக்கு ஒரு பஸ் கூடுதலாக ஓட்ட ஒருவரும் நாடா வெட்டுவதில்லை.

அரை மணித்தியாலம் ஒரு பஸ்சும் வராமல் பிறகு மூன்று சேர்ந்து வருவதைப் பார்த்து, சாரதியைத் திட்டுகிற ஆட்களைப் பார்த்திருப்பீர்கள். சாரதியின் பிழை இல்லை அது. ஒரு பஸ் கார் நெரிசலுக்குள் மாட்டி இரண்டு நிமிசம் பிந்துது என்று வையுங்கோ. அடுத்த தரிப்பில் கூடச் சனம் சேர்ந்திருக்கும். அவர்கள் ஏற நேரம் எடுக்கும், பஸ் இன்னும் பிந்தும். பின்னால் வருகிற பஸ்சுக்கு ஏற்ற ஆள் இருக்காது. அது வேகமாக வந்து முன்னதைப் பிடித்துவிடும். தொடக்கத்தில் நடந்த அந்த இரண்டு நிமிசம்தான் வளர்ந்து அரை மணித்தியாலம் ஆகுது. இதற்கு மருந்து தெரிந்ததுதான்: பஸ்சுக்கு என்று தனிப் பாதை, கூடுதல் பஸ், கூடுதல் சாரதிகள். 2020 ஒக்ரோபரில் எக்ளின்ரன் கிழக்கிலிருந்து ஸ்காபரோ பல்கலைக்கழக வளாகம் வரை எட்டரைக் கிலோமீற்றருக்கு அப்படி ஒரு பாதையை விட்டார்கள். சுரங்கம் இல்லை. சிவப்புப் பெயின்ற், அறிவிப்புப் பலகை, அவ்வளவுதான். செய்ய நினைத்தால் சில மாதத்தில் செய்யலாம் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

வாக்கு உள்ளவர் காரில், இல்லாதவர் பஸ்சில்

ரொறன்ரோ நகரசபைத் தேர்தலில் கனேடியக் குடியுரிமை உள்ளவர்தான் வாக்களிக்கலாம். பஸ் எத்தனை நிமிசத்துக்கு ஒன்று, கட்டணம் எவ்வளவு, எந்த றோட்டில் பஸ் பாதை என்பதையெல்லாம் முடிவு செய்வது நகரசபையும், அது நியமிக்கிற ரிரிசிச் சபையும். ஆக, இந்த முடிவுகளால் ஆகக் கூடுதலாகப் பாதிக்கப்படுகிற வெளிநாட்டு மாணவருக்கு அதில் ஒரு வாக்கும் இல்லை. எங்களுக்கு இருக்கு. நகரத்தின் 25 தொகுதியில் ஆறு ஸ்காபரோவில். எங்கட சமூகத்திலிருந்து நகரசபை, மாகாணம், மத்தி என்று மூன்று மட்டத்துக்கும் ஆட்கள் தெரிவாகியிருக்கினம். செல்வாக்கு இல்லை என்று சொல்ல முடியாது.

இந்தச் செல்வாக்கை எதற்குப் பாவித்தோம்? தமிழ்க் கடைகளின் அறிவிப்புப் பலகையைப் பாருங்கோ. "பேஸ்மென்ற் வாடகைக்கு. தனி வாசல். பஸ் தரிப்பு இரண்டு நிமிச நடை. மாணவர் விரும்பத்தக்கது." பஸ்சைக் காட்டித்தான் வாடகை கேட்கிறோம். அதே வீட்டுக்காரர், வீட்டுக்கு முன்னால் போகிற றோட்டில் பஸ்சுக்கு ஒரு பாதையை ஒதுக்கப் போகினம் என்றால், கார் விட இடமில்லாமல் போகும் என்று கையெழுத்து வேட்டைக்குப் போவார். மாதம் முதலாம் திகதி மாணவரிடம் காசு வாங்குகிறோம். மற்ற 29 நாளும் அவர் எப்படிப் போய் வருகிறார் என்பது எங்களுக்குக் கணக்கில்லை.

மாணவர் அமைப்புகளும் இதில் சுத்தமில்லை. வன்கூவரில் பெரிய பல்கலைக்கழகங்கள் இரண்டிலும் 2003இலிருந்து எல்லா மாணவருக்கும் பொதுவான பஸ் பாஸ் இருக்கு. ஒட்டாவாவில் 2010இலிருந்து. ரொறன்ரோ பல்கலைக்கழகத்தின் மிசிசாகா வளாகத்தில் 2007இலிருந்து. எல்லாரும் கொஞ்சம் கட்டுவார்கள், அதனால் எல்லாருக்கும் மலிவு. ரொறன்ரோ நகரத்துக்குள்ளும் அதைக் கொண்டுவரப் பார்த்தார்கள். மாதம் 70 டொலர், ஒரு தவணைக்கு 280 என்று ரிரிசி விலை சொன்னது. 2018இல் ரொறன்ரோ பல்கலைக்கழகத்தின் நகர மைய வளாகத்து இளங்கலை மாணவர் வாக்களித்தார்கள். மூன்றில் இரண்டு பங்குக்குக் கிட்ட வேண்டாம் என்றார்கள். கம்பஸுக்கு நடந்து போகக்கூடிய தூரத்தில் இருக்கிறவர்கள், தூரத்திலிருந்து வருகிறவருக்காக நாங்கள் ஏன் கட்ட வேணும் என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி மாதிரித்தான் கேட்கும். ஆனால் நடந்து போகிற தூரத்தில் வீடு எடுக்க யாருக்கு வசதி இருக்கு என்று கேட்டால் அதன் வர்க்கம் விளங்கும்.

எதிர்க்கருத்துகள்

இதை நான் வீட்டிலும் வெளியிலும் சொல்லும்போது வருகிற பதில் ஒன்று: "பிள்ளை, நீ இங்க பிறந்தனி. இரவு வேலைக்குப் போய்ப் பார், அப்ப தெரியும் ஏன் கார் எடுக்கிறம் எண்டு." உண்மைதான். மார்க்கமில், பிக்கரிங்கில், ஏஜாக்சில் இருக்கிற தொழிற்சாலைகள், களஞ்சியங்கள் பலவற்றுக்கு இரவு பன்னிரண்டு மணிக்குப் போக ஒழுங்கான பஸ் இல்லை. ஏஜென்சிகள் வானில் ஏற்றிக்கொண்டு போய், அதற்கும் சம்பளத்தில் வெட்டுகிற கதையை எங்களில் கனபேர் அறிவோம். அப்படியான இடத்தில் கார் எடுத்தவரை நான் குறை சொல்லவில்லை. பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டு, அம்மம்மாவை வைத்தியரிடம் கூட்டிக்கொண்டு போய், பிறகு வேலைக்குப் போகிற பெண்ணுக்கு மூன்று பஸ் மாறு என்று சொல்ல எனக்கு வாய் வராது.

நான் கேட்கிறது வேறு. கார் எடுத்த பிறகும் பஸ் எங்கட விசயமாக இருக்க வேணும். சத்திரசிகிச்சை தேவைப்படாதவரும் பொது ஆஸ்பத்திரிக்காகக் கதைக்கிறார். பிள்ளை இல்லாதவரும் பொதுப் பள்ளிக்கூடத்துக்கு வரி கட்டுகிறார். இடதுசாரிகள் என்று சொல்லிக்கொள்கிற நாங்கள் பஸ்சை மட்டும் ஏன் ஏழைக்கான தற்காலிக ஏற்பாடாகப் பார்க்கிறோம்? கார் எடுக்கச் சொல்லுகிற புத்திமதி மாணவருக்கு உதவவும் இல்லை. ஓட்டுநர் அனுமதிக்கு எழுத்துப் பரீட்சை, பிறகு வீதிப் பரீட்சை. புது ஓட்டுநருக்கு, அதுவும் ஸ்காபரோ விலாசத்தோடு, இன்சூரன்ஸ் எவ்வளவு வரும் என்று கேட்டுப் பாருங்கோ. வாரம் 24 மணித்தியாலச் சம்பளத்தில் அதைக் கட்டப் போனால், மறைவில் காசுக்கு வேலை செய்ய வேண்டி வரும். அப்படிச் செய்து பிடிபட்டால் படிப்பு அனுமதியே போகலாம். கார் எடு என்று சொல்லுகிறவர் இந்த ஆபத்தையும் சேர்த்துச் சொல்லுவதில்லை.

"எதுவும் மாறாது" என்பது இரண்டாவது பதில். இது பிழை. 1973 வரை ரொறன்ரோவில் வலயக் கட்டணம் இருந்தது. புறநகரிலிருந்து உள்ளே வர மேலதிகமாகக் கட்ட வேணும். அதை எடுத்ததால்தான் இன்றைக்கு மச்சாள் மார்க்கம் றோட்டிலிருந்து எற்றோபிக்கோ வரை 3.30க்குப் போறாள். 2005இல் மெற்றோபாஸை இன்னொருவருக்குக் கொடுக்கலாம் என்று விதி மாறினது. இரவு வேலை முடிந்து வருகிற அப்பா கெனடி ஸ்ரேசனில் பாஸை அம்மாவின் கையில் கொடுப்பார். அதோடு அம்மா பகல் வேலைக்குப் போவா. ஒரு பாஸில் இரண்டு சம்பளம் வந்த வீடு எங்கட வீடு. 2015இலிருந்து பன்னிரண்டு வயது வரை பிள்ளைகளுக்கு இலவசம். 2018இல் வந்த இரண்டு மணித்தியால மாற்றம், ரிரிசி ரைடர்ஸ் என்ற பயணிகள் அமைப்பும் மற்றவர்களும் வருசக்கணக்காகக் கேட்டு வாங்கினது. இதில் ஒன்றும் யாரும் மனமிரங்கித் தந்ததில்லை.

செய்யக்கூடியவை

மாணவர் அமைப்புகளில் இருக்கிற தோழர்கள் பொதுப் பாஸைத் திரும்ப மேசைக்குக் கொண்டு வாருங்கோ. இந்த முறை முதுகலை மாணவரையும், பகுதிநேர மாணவரையும், கொலிஜுகளையும் சேர்த்து. தூரத்திலிருந்து வருகிற மாணவர் பெரும்பான்மையாக இருக்கிற வளாகங்களில் தொடங்கினால் 2018இன் முடிவு திரும்ப வரத் தேவையில்லை.

வாக்கு இல்லாத மாணவர்களே, உங்களுக்கு வாயில்லை என்று நினைக்க வேண்டாம். ரிரிசிச் சபைக் கூட்டத்தில் பெயரைப் பதிந்துவிட்டு யாரும் பேசலாம்; குடியுரிமை கேட்க மாட்டார்கள். இங்கிலிஷ் தடுமாறினால் பக்கத்தில் நின்று மொழிபெயர்க்க எங்களைப் போல இரண்டு மொழியும் தெரிந்தவர்கள் வர வேணும். இங்கே பிறந்த எங்கட தலைமுறை செய்யக்கூடிய மிகச் சின்ன வேலை இது.

வீடு வாடகைக்கு விடுகிறவர்கள், உங்கட றோட்டில் பஸ் பாதை வருவதை எதிர்க்கிற மனுவில் கையெழுத்து வைக்க முதல், கீழ் வீட்டில் இருக்கிற பிள்ளை எத்தனை மணிக்கு வெளிக்கிடுது என்று ஒருக்கால் கேளுங்கோ.

2026 ஒக்ரோபர் 26 நகரசபைத் தேர்தல். வேட்பாளர்கள் கோயிலுக்கும் வருவினம், பொங்கல் விழாவுக்கும் வருவினம், வணக்கம் என்றும் சொல்லுவினம். படம் எடுக்க முதல் அவர்களிடம் மூன்று கேள்வி கேளுங்கோ. ஸ்காபரோவில் எந்த றோட்டில் பஸ்சுக்குத் தனிப் பாதை தருவீங்கள்? மாணவர் பாஸின் விலையை எவ்வளவுக்குக் குறைப்பீங்கள்? ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு வேலை தொடங்குகிற ஆள் எப்படிப் போய்ச் சேருவார்? மூன்றுக்கும் ஒழுங்கான பதில் வந்தால் படம் எடுங்கோ.